விலகுவதற்கு முன், விலகும்போது

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. அந்த நாடகக் குழுவில் சேர்ந்து எட்டு மாதமாகியும் வெளியாள் போலவே இருக்கிறது, பேசாமல் விலகிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக விலகலாம். ஆனால் மனசு வலித்த அன்றைக்கே முடிவெடுக்காதே. அந்த வலி நிஜம்தான், ஆனால் மிகச் சுலபமாக வந்துவிடும்.

கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் நடத்திய 'சைபர்பால்' சோதனை இருக்கிறது. கணினித் திரையில் மூன்று பேர் பந்து எறிந்து விளையாடுவார்கள். அதில் ஒருவர்தான் ஆள், மற்ற இருவரை இயக்குவது நிரல். முதலில் ஓரிரு முறை பந்து வரும். பிறகு அந்த இருவரும் தங்களுக்குள்ளேயே எறிந்துகொள்வார்கள். சில நிமிட ஆட்டம்தான், அதற்குள் மனிதருக்குத் தன்மேலிருக்கும் மதிப்பே இறங்கிவிடுகிறது. எதிரே ஆளே இல்லை, கணினிதான் என்று முன்பே சொல்லிவிட்டாலும் அப்படித்தான் ஆகிறது என்று 2004இல் வந்த ஆய்வு காட்டியது. ஆகவே வலிப்பதை வைத்து மட்டும் ஒதுக்குகிறார்கள் என்று முடிவுகட்ட முடியாது.

நேரக் கணக்கையும் பார். ஜெஃப்ரி ஹால் என்பவர் செய்த ஆய்வின்படி, அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராவதற்கே சுமார் 50 மணி நேரம் பிடிக்கிறது. நெருங்கிய நண்பராக 200 மணிக்கு மேல். சேர்ந்து வேலை செய்த நேரம் இதற்கு அவ்வளவாக உதவுவதில்லை. ஒத்திகை வேலைதானே? அது முடிந்து வாசலில் நின்று பேசும் அரை மணிதான் கணக்கில் ஏறும். வாரம் ஒரு அரை மணி என்றாலும் 50 மணி சேர ஏறக்குறைய இரண்டு வருடமாகும். நீயோ ஒத்திகை முடிந்த கையோடு கிளம்பிவிடுகிறாய்.

இரண்டு வாரம் போகாமல் இருந்து, யாராவது கேட்கிறார்களா பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறாயே, அது வேண்டாம். நிறையப் பேர் செய்வது அதைத்தான். ஆனால் அவர்களின் மௌனத்திலிருந்து உனக்கு ஒன்றும் தெரியவராது. ஏதோ வேலையாக இருப்பாய் என்று அவர்கள் நினைத்துக்கொள்ள, இடைவெளிதான் கூடும். அதற்குப் பதில் ஒருவரிடம் நேராகக் கேள்: "சனிக்கிழமை எல்லாரும் சந்திக்கிறீர்களாமே, அடுத்த தடவை நானும் வரட்டுமா?" நாளும் இடமும் சொன்னால், அவர்கள் பழக்கதோஷத்தில் உன்னை விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். "பார்க்கலாம்" என்றால் சில வாரம் கழித்து வேறொருவரிடம் கேள். அங்கேயும் "பார்க்கலாம்"தான் என்றால் உனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஒரு நிலையில் மட்டும் இந்தச் சோதனையெல்லாம் தேவையில்லை. உன் பேச்சுவழக்கையோ, நம்பிக்கையையோ, கருத்தையோ மறைத்தால்தான் அங்கே உட்கார முடியும் என்றால், கிளம்பிவிடு. மணிக்கணக்கு கூடக்கூட அவர்களுக்குப் பிடித்துப்போவது நீ போட்டுக்கொண்ட வேஷமாகத்தான் இருக்கும்.

போவதென்று முடிவானால், உன்னோடு கொஞ்சமாவது ஒட்டுதலாக இருப்பவரிடம் முதலில் நேரில் சொல். பிறகு பொறுப்பாளரிடம். காரணம் ஒரு வரி போதும். மனக்குறைகளைச் சொல்வதானால் உள்ளே இருக்கும்போதே சொல். கடைசி நாளில் சொன்னால் யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது, கசப்புதான் மிஞ்சும். நடிப்பவன் திடீரென்று போனால் மற்றவர் உழைப்பும் வீணாகும். ஆகவே மேடையேற்றம் முடியும்வரை இரு, முடியாவிட்டால் மாற்றாள் பாடம் பண்ண நாலு வாரமாவது கொடு. சாவி, உடைகள், கையிலிருக்கும் பணம், கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு ஒப்படை. வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறுவது இதெல்லாம் முடிந்த பிறகுதான், கோபத்தில் ராத்திரியில் அல்ல.

விலகியதும் முதலில் நிம்மதியாக இருக்கும். பிறகு அந்த மாலை வேளைகள் காலியாகும். அவர்களைத் தேடுகிறது என்பதற்காக விலகியது தப்பென்று நினைக்காதே, அது பழகிய நேரம் காலியாக இருப்பதால் வருவது. அதனால் போவதற்கு முன்பே வாரம் ஒருமுறை போக வேறோர் இடம் பார்த்து வை. அங்கே பிடித்துப்போன ஓரிருவரை ஒரு மாதத்துக்குள், நாளும் நேரமும் சொல்லி, சந்திக்கக் கூப்பிடு. "எப்போதாவது பார்ப்போம்" என்று விட்டால் பார்க்கவே மாட்டீர்கள்.

சனிக்கிழமை பற்றி யாரிடம் கேட்கப்போகிறாய்? கேட்டதும் அவர்கள் சொன்னதை அப்படியே எழுது.

அன்புடன்,
உன் நண்பன்