பெட்ஷீட் கறைக்கு 500 ரூபாய், கடலுக்கு ஒரு வரிகூட இல்லை: கடற்கரை வீட்டு உரிமையாளர்களுக்குத் திறந்த மடல்

கோவளம் தொடங்கி மரக்காணம் வரை, கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கிராமங்களில் வீடுகளை நாள் வாடகைக்கு விடும் உரிமையாளர்களுக்கு, அந்த வீடுகளைப் பார்த்துக்கொள்பவர்களும் பக்கத்து ஊர்க்காரர்களும் எழுதுவது.

வணக்கம்.

உங்கள் வீடுகளில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வைஃபை பாஸ்வேர்டு, எத்தனை மணிக்குள் காலி செய்ய வேண்டும், பெட்ஷீட்டில் கறை பட்டால் எவ்வளவு, பத்து மணிக்கு மேல் பாட்டுச் சத்தம் கூடாது. வீட்டைக் காப்பாற்ற எழுதிய தாள் அது. தங்க வருபவரைக் காப்பாற்ற அதில் ஒரு வரியும் இல்லை. அந்தத் தாளை மாற்றி எழுதுங்கள். அதை வாசலில் சாவியோடு நீட்டாமல், பணம் கட்டிய அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தண்ணீர் கேன் எத்தனை, மருந்து என்ன, எத்தனை பேர் என்பதெல்லாம் அவர்கள் ஊரிலேயே முடிவாகிவிடுகிற விஷயங்கள்.

முதல் வரி கடலைப் பற்றி இருக்கட்டும். நம் கரையில் ஏற்ற இறக்கம் பெரிதில்லை, பௌர்ணமி, அமாவாசையில்கூட ஒரு மீட்டர் சுமாருக்குத்தான். ஆளைக் கொல்வது இழுப்பு. அலை கரையில் கொண்டுவந்து கொட்டிய தண்ணீர், மணல்திட்டில் பள்ளமான இடமாகப் பார்த்துத் திரும்பக் கடலுக்கு ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது. இரண்டு பக்கமும் நுரை தள்ளும்போது நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாகத் தெரியும். குழந்தையோடு வருகிறவர்கள் "இங்கே அலையே இல்லை" என்று சரியாக அங்கேதான் இறங்குகிறார்கள். கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீளமாகக் கொட்டிய தூண்டில் வளைவுக் கற்களை ஒட்டியும், முகத்துவாரங்களிலும் இழுப்பு கிட்டத்தட்ட எப்போதும் இருக்கும். மழைக்காலத்தில் மணல் அடைப்பு உடைந்து முகத்துவாரம் திறந்துகொண்டால் அங்கே முழங்கால் தண்ணீரில்கூட நிற்கக் கூடாது.

இழுப்பில் சிக்கியவர் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டால் களைத்துத்தான் மூழ்குவார். பழகிய நீச்சல்காரரும் அதை வெல்ல முடியாது. செய்ய வேண்டியது: மல்லாந்து மிதப்பது, கையைத் தூக்கிக் காட்டுவது, இழுப்பு தளர்ந்ததும் கரைக்கு இணையாக நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து அந்த அலையோடு கரையேறுவது. காப்பாற்றப் பாய்கிறவரும் சேர்ந்து போவதுதான் வழக்கமாக நடக்கிறது. அதனால் கடல் பக்கக் கதவருகே திருகு மூடி போட்ட 10 லிட்டர் காலி கேன் இரண்டும், 30 மீட்டர் நைலான் கயிறும் தொங்கட்டும். மூடியை இறுக்கிய கேனைக் கயிற்றில் கட்டி எறிந்தால் ஒருவரின் தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்திருக்க அது போதும். எறிகிறவர் கரையை விட்டு இறங்க வேண்டியதில்லை. குடித்தவர் கடலில் இறங்கக் கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். சங்கடப்படாதீர்கள்.

வெயில் காய்கிறது, காற்றே இல்லை, ஆகவே கடல் சாது என்றும் நினைக்க வேண்டாம். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் கிளம்பிய அலை, உள்ளூர் காற்றுக்குச் சம்பந்தமே இல்லாமல் நாள் கழித்து வந்து ஏறும். கள்ளக்கடல் என்பது அதைத்தான். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது இப்படியான எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஐதராபாத்திலிருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் முன்கூட்டியே அறிவிக்கிறது. அறிவிப்பு வந்தால் வீட்டில் இருக்கும் விருந்தினருக்கு நீங்களே போன் செய்யுங்கள்.

சொறி (ஜெல்லி மீன்) பட்டால் மணலைப் போட்டுத் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீரில் கழுவவும் கூடாது. இரண்டும் ஒட்டியிருக்கும் கொட்டுமுள்ளை மேலும் வெடிக்க வைக்கும். கடல்நீரால் அலசி, ஒட்டியிருப்பதைச் சீப்பாலோ துணியாலோ எடுத்துவிட்டு, பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரம் வைத்தால் வலி இறங்கும். திருக்கை குத்தினாலும் வெந்நீர்தான் முதலுதவி. முள் ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சுத் திணறினால் இது எதையும் செய்துகொண்டிருக்காமல் 108.

பாம்பைப் பற்றி எழுதினால் புக்கிங் போய்விடும் என்று சொல்கிறீர்கள். சவுக்குத் தோப்பை ஒட்டிய வீட்டில் பத்துப் பேரைத் தரையில் பாய் விரித்துப் படுக்கவிட்டுவிட்டு அப்படிச் சொல்ல முடியாது. கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வரும், தூங்குகிறவரைத்தான் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அநேகமாக இருக்காது. விடியற்காலையில் வயிற்று வலி, இமை சொக்குவது, நாக்குக் குழறுவது என்று தொடங்கும்போது எதையோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நேரத்தைத் தொலைப்பார்கள். எத்தனை கட்டில் இருக்கிறதோ அத்தனை பேருக்கு மட்டும் வாடகைக்கு விடுங்கள். கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகச் சொல்லுங்கள். கடிபட்டால் அறுப்பது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் படுக்க வைத்துக் கொண்டுபோக வேண்டும். விஷமுறிவு மருந்துக்கு, கல்பாக்கம் வரையுள்ள வீடுகள் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும், மரக்காணம் பக்கத்தவர்கள் புதுச்சேரி ஜிப்மரையும் எழுதிவைக்கலாம். அந்த மருந்துக்கான விஷத்தை எடுத்துக் கொடுக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம் இதே சாலையில், வடநெம்மேலியில்தான் இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நம் தாள்களில் பாம்பு என்ற சொல்லே இல்லை.

தண்ணீர். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரங்களுக்கு அரசு வைத்திருக்கும் கணக்கு. பத்துப் பேருக்கு 1350. உங்கள் மாடித் தொட்டி 1000 லிட்டர். கடலில் குளித்துவிட்டு வந்து ஆளுக்கு இரண்டு முறை ஷவரில் நின்றால் சாயங்காலமே தொட்டி காலி. உடனே யாராவது மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவார்கள். இங்கே மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேலே மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை அது உப்பைத் தள்ளிவைத்திருக்கும். மேலே உறிஞ்ச உறிஞ்ச அடியிலிருந்து உப்பு ஏறிவரும். ஏறிய உப்பு இறங்க மழைதான் வர வேண்டும், அதுவரை பக்கத்து வீட்டு போர்வெல்லும் சேர்ந்து கெடும். மோட்டார் சுவிட்ச் பக்கத்தில் "அரை மணி நேரம் மட்டும், பிறகு இரண்டு மணி நேரம் ஓய்வு" என்று எழுதி, டைமரும் வைத்துவிடுங்கள். வெளியே ஒரு குழாய், ஒரு வாளி, ஒரு சொம்பு இருந்தால் மணலும் உப்பும் அங்கேயே போகும், குளியலறைச் சாக்கடையும் அடைக்காது. போர்த் தண்ணீரில் நீச்சல் குளம் நிரப்புகிறவர்களுக்கு என்ன சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

குடிக்க, சமைக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்று கேன் வாங்கி வரச் சொல்லுங்கள். பருப்பும் டீயும் கேன் தண்ணீரில்தான். போர்த் தண்ணீரில் பருப்பு ஆறு விசில் வந்தாலும் வேகாது, பிறகு குக்கர் சரியில்லை என்று ரிவியூ வரும்.

கழிப்பறையில் நாப்கின், குழந்தைகளைத் துடைக்கும் ஈரத்தாள், டயப்பர் போடக் கூடாது என்றால் மூடி போட்ட கூடை அங்கேயே இருக்க வேண்டுமல்லவா? அது பல வீடுகளில் இல்லை. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறிவிட்டால் உறிஞ்சு குழி தண்ணீரை வாங்காது, கழிப்பறை மெதுவாகத்தான் இறங்கும். அதையும் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ஃபிளஷை இழுத்துக்கொண்டே இருப்பார்கள்.

கரண்ட் இங்கே உப்புக் காற்றால் போகும். வீட்டில் மட்டும் போனால் மெயின் பெட்டியில் டெஸ்ட் பொத்தான் உள்ள டிரிப்பர் விழுந்திருக்கும். எல்லா பிளக்கையும் கழற்றி, கீசர், தோட்டத்து விளக்கு சுவிட்சுகளை அணைத்து, டிரிப்பரை ஏற்றிவிட்டு, ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எதைப் போடும்போது விழுகிறதோ அதை விட்டுவிட வேண்டும். பெரும்பாலும் கீசர்தான், இல்லையென்றால் உப்பு ஏறிய வெளி விளக்கு. திரும்பத் திரும்ப விழும் டிரிப்பரைக் கட்டையைக் கொடுத்து நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆளைக் காப்பாற்றத்தான் அது விழுகிறது என்று ஒரு வரி சேருங்கள். இன்வெர்ட்டரில் 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று, மூன்று ஃபேனும் நான்கைந்து விளக்கும் என்றால் நான்கு மணி நேரம் தாங்கும். ஏசிக்கு ஆகாது. கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906.

இனி ஊர். படகின் மேல் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுப்பது, காயும் வலையைச் செருப்போடு மிதிப்பது இரண்டுக்கும்தான் சண்டை வருகிறது. கரைவலை இழுக்கும்போது கடலுக்குள் போகும் இரண்டு கயிற்றுக்கும் நடுவில் யாரும் நீந்தக் கூடாது. இழுபடும் கயிற்றைத் தாண்டவும் கூடாது, அது காலை வாரிவிடும். பாட்டில் உடைத்தால் கடைசிச் சில்லு வரை பொறுக்க வேண்டும், வலை இழுக்கிறவர்கள் வெறுங்காலோடுதான் நிற்கிறார்கள். மீன் வேண்டுமென்றால் விடிந்ததும் கரைக்குப் போகட்டும். ஏலம் கூடைக் கணக்கில் போகும், சில்லறையாக வேண்டுமென்றால் ஏலத்தில் எடுத்த அம்மாவிடம் கேட்கலாம், சுத்தம் செய்யக் கூலி தனி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது ஃபைபர் படகு மீன்தான், விலையும் கூட. வஞ்சிரம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல் சங்கராவோ நெத்திலியோ வாங்கினால் புதுசாகக் கிடைக்கும்.

ஜனவரி முதல் மே வரை கடல் பக்க விளக்குகள் அணைந்திருக்கட்டும், திரையும் இழுத்திருக்கட்டும். பங்குனி ஆமை மார்ச் வரை கரையேறி முட்டையிடும், ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகிக் குஞ்சு வெளியே வரும், வெளிச்சம் தெரிகிற பக்கம்தான் ஊரும். உங்கள் மாடி விளக்கு கடலைவிடப் பிரகாசமாக இருந்தால் அவை சாலைக்குத்தான் வரும். மணலில் கார் இறக்குவதற்கும் இதே காரணத்தால் தடை போடுங்கள். மீறி இறக்கிப் புதைத்துக்கொண்டவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் புதைவார். டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தோண்டி, மிதியடியோ பனை மட்டையோ கொடுத்து மெல்ல எடுக்க வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான புக்கிங்குகள் பற்றித்தான் உங்களோடு எங்களுக்கு உண்மையான வருத்தம். மாண்டஸ் புயல் 2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகேதான் கரையேறியது. ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்த பிறகும் விருந்தினர்கள் கிளம்பி வருவதற்குக் காரணம் துணிச்சல் அல்ல, "பணம் திரும்பத் தரப்படாது" என்ற உங்கள் வரி. அதை எடுத்துவிட்டு, எச்சரிக்கை வந்தால் முழுப் பணமும் திரும்பும் என்று எழுதுங்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு: கரண்ட் போவதற்குள் தொட்டியை நிரப்பி, போனைச் சார்ஜ் போட்டு, காரைத் தென்னை, சவுக்கு மரத்தடியிலிருந்து நகர்த்தி, கடல் பக்க அறையைக் காலி செய்ய வேண்டும். காற்று திடீரென்று நின்றால் வெளியே வரக் கூடாது. புயலின் கண் தாண்டியதும் எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.

இந்த எண்களுக்குக் கீழே விலாசத்தை எழுதுங்கள். "பிளூ வேவ் வில்லா" மாதிரியான பெயரைச் சொன்னால் 108 ஓட்டுநருக்குத் தெரியாது. ஊராட்சியின் பெயர், பிரதான சாலையில் திரும்ப வேண்டிய இடத்தில் இருக்கும் கோயில் அல்லது பஸ் நிறுத்தம், அங்கிருந்து எத்தனை மீட்டர், மழையில் அந்த மண்பாதையில் வண்டி வருமா, இரவில் கேட்டைத் திறப்பவர் போன் எண். தமிழ், ஆங்கிலம், இந்தி மூன்றிலும் இருக்கட்டும். ஒரு பிரதி சமையலறையில், இன்னொன்று கடல் பக்கக் கதவின் உள்புறத்தில், கேனும் கயிறும் தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில்.