பிளாக் சபாத் இசைத்தட்டு: ஒரு திருத்தம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் பிளாக் சபாத் ராக் இசைக்குழுவின் முதல் ஆல்பம் மறுபடியும் வினைல் இசைத்தட்டாக வந்திருப்பது பற்றிச் சென்ற இதழில் ஒரு குறிப்பு வெளியிட்டிருந்தீர்கள். அதில் ‘சாத்தானைத் துதிக்கும் கூச்சலுக்குப் புது உறை’ என்ற வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

எழுதியவர் முதல் பாட்டையாவது கேட்டாரா? மழைச் சத்தம், சர்ச் மணி, அப்புறம் கிடார். கறுப்பு உருவம் ஒன்றைக் கண்டு நடுங்குகிறவன் கடவுளிடம் உதவி கேட்டுக் கதறும் பாட்டு அது. பயந்தவன் கதறுவது எப்படித் துதியாகும்? உறைக்குள் தலைகீழ்ச் சிலுவை இருந்தது உண்மை. அது குழுவினரைக் கேட்காமல் அச்சானது என்பது தாங்கள் அறியாததல்ல.

2025 ஜூலையில் குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் இறந்தபோதும், அவர் வௌவால் தலையைக் கடித்த கதைக்கே அரைப் பக்கம் கொடுத்தீர்கள். இறப்பதற்கு 17 நாள் முன்புதான், தான் வளர்ந்த பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியில், வில்லா பார்க் மைதானத்தில், எழுந்து நிற்க முடியாமல் உட்கார்ந்தபடியே பாடினார். அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

இந்த முறை குழுவின் கிடார் கலைஞர் டோனி அயோமியின் பெயரே இல்லை. பர்மிங்காமில் தகடு வேலை நடக்கும் தொழிற்சாலையில், வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளில், 17 வயதில், அவருடைய வலக்கை நடுவிரல், மோதிர விரல் நுனிகள் இயந்திரத்தில் போயின. இடக்கைப் பழக்கம் உள்ளவர். அதனால் கிடாரில் தந்தியை அழுத்துகிற கையே அந்த வலக்கைதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார், அதன்மேல் தோலை ஒட்டினார், மெல்லிய தந்திகளை மாட்டிக்கொண்டு வாசித்தார். 1969 அக்டோபரில் லண்டனில் ஒரே நாளில் பதிவான இந்த ஆல்பத்தில் கேட்பது அந்தக் கையைத்தான்.

நான் கோவையில் 26 வருடம் பிரஸ் மெஷின் ஓட்டியவன். என் இடது ஆள்காட்டி விரல் நுனியும் அதில்தான் போனது. கட்டுப் பிரித்த அன்று சட்டைப் பொத்தான் போட வராமல் அழுதேன். பட்டறை முதலாளி வந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அக்கா மகன்தான் இந்த ஆல்பத்தைக் கேசட்டில் பதிந்து வந்து, அயோமியின் கதையையும் சொன்னான். மறு வாரமே வேலைக்குப் போனேன். அதைக் கூச்சல் என்று எழுதினால் எனக்கு வலிக்காதா ஐயா?

தட்டு வாங்க நினைப்பவருக்குத் தேவையான தகவலும் குறிப்பில் இல்லை. 1970-இல் பிரிட்டனில் வந்த தட்டில் ‘ஈவில் வுமன்’ என்ற பாட்டு இருந்தது. அமெரிக்கத் தட்டில் அந்த இடத்தில் ‘விக்கெட் வேர்ல்ட்’. இப்போது வந்திருப்பது எது?

உறைப்படத்தின் கீழே ‘பாழடைந்த தேவாலயம்’ என்று போட்டிருக்கிறீர்கள். அது ஆக்ஸ்ஃபர்ட்ஷையரில் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள மேப்பிள்டர்ஹாம் மாவு ஆலை. அடுத்த இதழில் அந்தப் படக்குறிப்பைத் திருத்தி, கூடவே டோனி அயோமியின் பெயரையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

தங்கள் நீண்டகால வாசகன்,
கோயம்புத்தூர்