வன்னியில றோட்டுப் போடுற கொன்ட்ராக்டர்மாருக்கும் சைற் இஞ்சினியர்மாருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம் ஐயாமார்,

மாங்குளம், ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்புப் பக்கத்துச் சைற்றுகளில மண் லாப் வேலை செய்த ஆள் நான். போட்ட கிரவல் இறுகிட்டுதோ எண்டு பாக்க நியூக்கிளியர் டென்சிற்றி கேஜ் எண்டொரு பெட்டி கொண்டு வாறியளே, அதைத் தூக்கித் திரியிறது எங்கட பொடியள். இறுக்கம் பாக்க அதுக்குள்ள கதிர் வீசுற சீசியம்-137, ஈரம் பாக்கக் கதிர் வீசுற அமெரிசியம்-241 உம் அதோட பெரிலியமும். அவங்கட சேட்டில குத்துற பிலிம் பட்ஜ் பற்றித்தான் இந்த மடல்.

பட்ஜ் போட்டா கதிர் அடிக்காது எண்டு கன பொடியள் நம்பிக்கொண்டு இருக்கிறாங்கள், ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்ல. அது ஒண்டையும் மறிக்காது, எவ்வளவு பட்டதெண்டு எழுதி வைக்கும், அவ்வளவுதான். 1896 இல பெக்கரல் கறுப்புப் பேப்பரில சுத்தின போட்டோத் தட்டில யுரேனிய உப்பை வைக்க தட்டுக் கறுத்துதே, அதே வேலைதான் இதுவும். கதிர் பட்ட பிலிமைக் கழுவினா கறுக்கும், அந்தக் கறுப்பை அளந்து டோஸ், அதாவது ஆள் வாங்கின கதிரின்ர அளவு, கணக்குப் பாப்பினம். சக்தி குறைஞ்ச கதிருக்குப் பிலிம் அளவுக்கு மிஞ்சிக் கறுக்கிறதால பட்ஜ் கூட்டுக்குள்ள பிளாஸ்ரிக், அலுமினியம், செம்பு, ஈயம் எண்டு துண்டு துண்டா வச்சிருக்கு, ஒவ்வொண்டுக்கும் பின்னால எவ்வளவு கறுப்பெண்டு ஒப்பிட்டா என்ன மாதிரிக் கதிர் வந்ததெண்டு பிடிச்சிடலாம்.

பிலிமில எனக்குப் பிடிச்ச விசயம் அது வெறும் நம்பரைத் தாறதில்ல, படத்தையே தரும். ஆள் போட்டுக்கொண்டு நடந்தா அந்த ஈயத் துண்டின்ர நிழல் ஓரம் கலங்கி விழும், பட்ஜைக் கழட்டிக் கேஜுக்குப் பக்கத்தில மறந்துபோய் விட்டா ஓரம் வெட்டின மாதிரி விழும். கதிர்த் தூசு ஒட்டியிருந்தா புள்ளி புள்ளியாக் கறுக்கும். எந்தப் பொடியனும் பொய் சொல்லுறான் எண்டு நீங்கள் சந்தேகப்படத் தேவையில்ல, அவனும் தனக்கு நடந்ததைக் காட்டலாம்.

ஆனா நீங்கள் வச்சிருக்கிற விதத்தில அந்தப் படம் பழுதாப் போகுது. ஆவணி வெயிலில பிக்கப் டாஷ்போட்டில பட்ஜ் கிடக்குது, சூட்டில பிலிம் தானாக் கறுக்கும், மாரி ஈரத்தில பதிஞ்சதும் மங்கிப்போகும். அதைவிடப் பிழை, ஒருத்தரும் போடாமல் வைக்கிற கொன்ரோல் பிலிமைக் கேஜ் இருக்கிற அறையிலயே வைக்கிறது! கொன்ரோலில பதிஞ்சதைத்தான் பொடியன்ர கணக்கில கழிப்பினம், கொன்ரோலும் கதிர் வாங்கினா பொடியன்ர டோஸ் குறைஞ்சுதான் ரிப்போட்டில வரும், பிறகு எல்லாம் நல்லம் எண்டு கையெழுத்து வைப்பியள். ஈரம் பாக்கிற அமெரிசியம்-பெரிலியத்தில இருந்து வாற நியூத்திரன் கதிரைச் சாதாரண பிலிமால ஒழுங்கா அளக்கேலாது, அதுக்கு வேற டிற்றெக்டர் வேணும், அதையும் கேட்டு எடுங்கோ.

வேலை செய்யிறவருக்கு சர்வதேச எல்லை வருசத்துக்கு 20 மில்லிசீவேட் (டோஸ் அளக்கிற அலகு), 5 வருசச் சராசரியா, எந்த ஒரு வருசமும் 50 தாண்டக்கூடாது. பொதுசனத்துக்கு வெறும் 1. காம்பில சமைக்கிற அக்கா பொதுசனம், அவ படுக்கிற சுவருக்கு அங்கால கேஜை வச்சிருந்தா அந்தச் சுவரிலயும் ஒரு பிலிம் தொங்கோணும்.

மிதிவெடி எடுத்த காலத்தில சிவப்பு மண்டையோட்டுப் பலகையக் கண்டா எங்கட சின்னப்பிள்ளையளும் கால் வைக்காதுகள், ஏனெண்டா வீடு வீடா வந்து விளங்கப்படுத்தினவை. கேஜில இருக்கிற மூண்டு இதழ்க் கதிர் எச்சரிக்கை அடையாளத்துக்கும் அப்பிடி விளங்கப்படுத்தினா எங்கட பொடியளுக்கு விளங்காமல் போகாது. தூரத்தை ரெண்டு மடங்காக்கினா டோஸ் கால்வாசி எண்டதை முதல் நாளே சொல்லுங்கோ.

பட்ஜ் நெஞ்சில இருக்கோணும், வேலை முடியக் கேஜுக்குத் தூரமாக் குளிர்ந்த அறையில கொன்ரோலோட சேத்துத் தொங்கவிடோணும். ரிப்போட் வந்தா ஒபிஸ் அலுமாரிக்குள்ள பூட்டாமல் அந்தந்தப் பொடியன்ர கையில ஒரு கொப்பி குடுங்கோ, வேலை விட்டுப் போகேக்கயும் முழுக்கணக்கையும் குடுத்து விடுங்கோ. அடுத்த முறை பிலிம் மாத்தேக்கயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
உங்கட சைற்றில மண் சோதிச்ச ஒருத்தன்