கல்லச்சுப் படத்தில் நிறம் சாட்சியாகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

நியூயார்க் தன்னார்வத் தீயணைப்புப் படைகள் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், அந்நகரில் படங்களை அச்சிட்டு விற்ற கர்ரியர் நிறுவனத்தின் கல்லச்சுப் படங்களைப் பெரிதாகப் போட்டது பாராட்டுக்குரியது. ஆனால் சட்டையின் நிறத்தையும் வண்டியின் நிறத்தையும் வைத்து இது இன்ன படை என்று கட்டுரையாளர் முடிவுகட்டியிருப்பதை ஏற்க முடியவில்லை.

1854-இல் நத்தானியேல் கர்ரியர் வெளியிட்ட ‘தி லைஃப் ஆஃப் எ ஃபயர்மேன்’ வரிசைக்கு வரைந்தவர் லூயி மௌரர். சுண்ணாம்புக்கல்லில் கொழுப்பு மைக்குச்சியால் வரைந்து, கருவேலம்பிசினில் சிறிது நைட்ரிக் அமிலம் கலந்து பூசுவார்கள். பிறகு கல்லை நனைத்து உருளையை ஓட்டினால் ஈரம் மையைத் தள்ளும், கொழுப்பு வாங்கிக்கொள்ளும். இப்படி விழுவது கறுப்பு மட்டுமே. பெரிய தாள்கள் சிலவற்றில் பின்னணிச் சாயலை இன்னொரு கல் தரும். மற்ற நிறமெல்லாம் கைவேலை. நீள மேசையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, மாதிரிப் படத்தைப் பார்த்து ஆளுக்கொரு நிறம் தீட்டித் தாளை அடுத்தவரிடம் நகர்த்துவார்கள். ஒரே படத்தின் இரு பிரதிகளில் நிறம் மாறுவது சகஜம்.

நம்ப வேண்டியது கல்லில் வரைந்த கறுப்புக் கோடுகளைத்தான். கர்ரியரே தன்னார்வத் தீயணைப்பாளராக இருந்தவர். கழுத்துக்குள் தண்ணீர் இறங்காதபடி பின்விளிம்பு நீண்ட தோல் தொப்பி, தலைவர் கையில் உரக்கக் கட்டளையிட உதவும் பேச்சுக்குழல், குதிரைக்குப் பதில் கயிறு பிடித்து வண்டியை இழுக்கும் ஆட்கள் எல்லாம் அந்தக் கோடுகளில் இருக்கின்றன. அந்த வண்டியில் உள்ள கைப்பம்பின் இருபுறமும் ஆட்கள் அழுத்தும் நீளத் தண்டு. ஒன்று இறங்க மற்றது ஏறும். நிமிடத்துக்கு 60 முறை அழுத்துவது என்றால் சமாளிக்கலாம். 120-ஐ எட்டினால் சில நிமிடங்களிலேயே ஆள் மாற்ற வேண்டும், ஓடும் தண்டில் கைமாற்றும்போது விரல் ஒடிவதும் உண்டு. தண்ணீர் தூரத்தில் இருந்தால் ஒரு பம்பு அடுத்த பம்பின் தொட்டிக்கு அனுப்பும். வாங்கியவர்கள் அதே வேகத்தில் வெளியேற்றாவிட்டால் தொட்டி வழியும். அதைவிடப் பெரிய அவமானம் அவர்களுக்கு இல்லை. பம்பைச் சுற்றி அத்தனை பேர் நிற்பது அதனால்தான்.

விளக்கக் குறிப்புகளிலும் இரண்டு பிழைகள். 1854 படத்தின் கீழ் ‘கர்ரியர் அண்ட் ஐவ்ஸ்’ என்று போட்டிருக்கிறீர்கள். ஐவ்ஸ் கர்ரியரின் தொழில் பங்காளியானது 1857-இல். அசல் தாளில் ‘என். கர்ரியர்’ என்றே இருக்கும். தாள் அசலா என்று பார்க்க, 10 மடங்கு லென்ஸில் சீரான புள்ளி வரிசை தெரிந்தால் அது பிற்கால மறுபதிப்பு. அசலில் மைக்குச்சியின் ஒழுங்கற்ற சொரசொரப்புதான் தெரியும்.

இரண்டாவது பிழை: கடைசிப் பக்கத்தில் குதிரைகள் நீராவிப் பம்பை இழுக்கும் படம் 1866-இல் வந்த ‘தி மெட்ரோபாலிட்டன் சிஸ்டம்’. நியூயார்க்கில் தன்னார்வப் படைகளுக்குப் பதிலாகச் சம்பளப் படை வந்தது 1865-இல். எனவே அந்தப் படத்தில் இருப்பவர்கள், உங்கள் குறிப்பு சொல்வதுபோல், தன்னார்வலர்கள் அல்லர். அடுத்த இதழில் திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

– அச்சுப்பட சேகரிப்பாளர், மதுரை