செஸ்னாவும் என் ஆறு கிலோவும்

கண்ணு,

வீடியோ பாத்துட்டு நீ போன்ல கத்துன கத்துல அன்னைக்கு ஒண்ணும் பேச முடியல, அதான் உக்காந்து டைப் பண்றேன். 61 வயசுல குட்டி பிளேன்ல சுத்தறது தேவையான்னு கேட்ட. தேவையில்லதான், ஆனா வான்னு கூப்பிட்டா மாட்டேன்னு சொல்ற ஆளா நானு?

ஜோகன்னஸ்பர்க் பக்கத்துல லான்சீரியா ஏர்போர்ட்ல இருந்து போட்ஸ்வானால இருக்கற மவுன் வரைக்கும் செஸ்னா 182ல மூணு மணி நேரத்துக்கு மேல. சீட் நாலு இருக்கு, ஆனா ரெண்டு றெக்கையிலயும் டேங்கை நிரப்பினா 330 லிட்டர், அதுவே 240 கிலோகிட்ட வந்துருது, அப்புறம் நாலு ஆளை எங்க ஏத்தறது? வழியெல்லாம் கலஹாரி பாலைவனம், விமான பெட்ரோல் கிடைக்கற இடம் கம்மி, அதனால ஆளைக் குறைச்சுட்டாங்க, மூணே பேர். பைலட் என்னோட எடை கேட்டாரு, 78ன்னேன். மனுஷன் நம்பல, மிஷின்ல ஏத்திட்டாரு. 84. லான்சீரியாவே 4500 அடி உயரம், காத்து லேசு, வெயில் ஏறினா இன்னும் லேசாயிடும், கனம் கூடுனா ரன்வேல ரொம்ப தூரம் ஓடித்தான் எழும்புமாம். அம்மா கட்டிக் குடுத்த ஊறுகா பாட்டில் ரெண்டும் கார்லயே தங்கிடுச்சு.

தினம் காலைல றெக்கைக்கு அடியில ஒரு சின்ன கப்பை வச்சு கொஞ்சம் பெட்ரோல் புடிச்சு வெளிச்சத்துல தூக்கிப் பாப்பாரு. சொட்டுநீலம் ஒரு துளி விட்ட தண்ணி மாதிரி இருக்கும். தண்ணி கலந்திருந்தா அடியில தனியா குமிழாட்டம் நிக்குமாம். அதைப் பாத்து திருப்தியானாத்தான் இன்ஜினைத் தொடுவாரு. எனக்குப் பாதி பயம் அதுலயே போச்சு.

மவுன் பக்கத்து ஒகவாங்கோ ஆறு கடலுக்கே போறதில்ல கண்ணு, பாலைவனத்துல விரிஞ்சு அங்கயே வத்திடுது. அங்கோலால பெய்ஞ்ச மழை மாசக்கணக்கா ஊர்ந்து வந்து, சொட்டு மழை இல்லாத ஆகஸ்ட்ல பச்சைப் பசேல்னு நிக்குது. போட்ஸ்வானா காசுக்குப் பேரே புலா, மழைன்னு அர்த்தம், மேல இருந்து பாத்தா ஏன்னு புரியுது.

நெசமா பயந்தது திரும்பி வர்றப்ப, மக்கடிக்கடி உப்புத்தரை மேல. கீழ வெள்ளை, மேல காட்டுத்தீ புகைமூட்டம், வானம் எங்க தரை எங்கன்னு கோடே தெரியல. பைலட் வெளிய பாக்கறதையே விட்டுட்டு மீட்டர்லயே கண்ணா இருந்தாரு. நான் வாயைத் திறக்கல.

டிசம்பர்ல நீ வர்றப்ப அம்மா எடை பேச்சை எடுப்பா. அந்த பைலட்டோட மிஷின் ரிப்பேர்னு சொல்லி வச்சிருக்கேன், நீயும் ஆமான்னுடு.

அப்பா