மாவு அனுப்பாதம்மா

ஜார்ஜ் டவுன், பினாங்கு

அம்மாவுக்கு,

முட்டி வலி எப்படி இருக்கு? போன்ல பேசினா நீயும் அழுவ நானும் அழுவேன், ஒண்ணும் பேசின மாதிரி இருக்காது, அதான் எழுதுறேன். தம்பி படிச்சுக் காட்டுவான்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். மாமாகிட்ட நீ குடுத்து விட்ட ரெண்டு கிலோ சத்துமாவ தூக்கிப் போட்டுட்டேன். கோவப்படாத. அதுல சம்பா கோதுமை இருக்கு. சின்னவனுக்கு ரத்தம் எடுத்தாங்க, அப்புறம் வாய் வழியா குழாய் விட்டு குடல்ல துளி சதை எடுத்துப் பாத்தாங்க, சீலியாக்னு சொல்லிட்டாங்க. நீ நினைக்கிற மாதிரி அலர்ஜி இல்லம்மா, கோதுமை, பார்லில இருக்கிற குளூட்டன்ங்கிற புரதம் உள்ள போனா இவன் உடம்பே இவன் குடல அரிச்சிடுது, தின்னது ஒட்ட மாட்டேங்குது, அதான் எடையே ஏறல. கொஞ்சூண்டு குடுத்தா என்னன்னு கேட்ட இல்ல, கொஞ்சூண்டு கூட ஆகாது, ஆயுசுக்கும்.

இங்க தெருமுனைக்குத் தெருமுனை ரொட்டி சானாய், அது முழு மைதா. கொய்தியாவ் அரிசி நூடுல்ஸ்தானேன்னு நம்பி வாங்கினா அதுல ஊத்துற சோயா சாஸ்ல கோதுமை. பாக்கெட்டுல 'கண்டும்'னு மலாய்ல போட்டிருந்தா கோதுமை, எனக்கு இப்ப அந்த ஒரு வார்த்தை மட்டும் தூரத்துலயே தெரியுது. நம்ம கூட்டுப் பெருங்காயத்துல கூட கோதுமை மாவு கலக்குறாங்க, தெரியுமா? சாம்பார்ல இத்தன நாளா அதுதான்.

கேப்பைய ஒரு மில்லுல குடுத்து அரைச்சேன், ரெண்டே நாள்ல திரும்பவும் வயித்தால போச்சு. விசாரிச்சா எனக்கு முன்னாடி நின்னவங்க ஆட்டா அரைச்சிருக்காங்க. மொளகாப்பொடி அரைச்ச மிஷின்ல அரிசியக் கொட்ட நீ விட மாட்டியே, அதே கதைதான், ஆனா கோதுமைக்கு காரமும் தெரியாது, கலரும் தெரியாது.

அதனால தனியா ஒரு மிக்ஸி வாங்கி வீட்டுலயே அரைக்கிறேன். பச்சரிசிய ரெண்டு மணி நேரம் ஊற வச்சு வடிச்சு துணில, பேனுக்கு அடியில பரப்பிடுவேன், இங்க வெயில நம்ப முடியாது, மத்தியானம் திடீர்னு கொட்டும். கையில ஈரம் ஒட்டாம உள்ள மட்டும் ஈரம் இருக்கிறப்ப அரைச்சு, சலிச்சு, நீ சொல்லிக்குடுத்த மாதிரி கோலம் போடுற பதத்துக்கு வறுக்கிறேன். ஜார்ல பாதிக்கு மேல போடக்கூடாது, மோட்டார் சூடாயிடும். கம்ப மட்டும் ஒரு வாரத்துக்குத்தான் அரைப்பேன், வச்சா கசக்குது.

பாதாம் கதை தனி. கொதிக்கிற தண்ணில ஒரு நிமிஷம் போட்டா தோல் வழுக்கிட்டு வந்துடும், ஆனா நல்லா காயணும். மொத தடவை நான் பாட்டுக்கு மிக்ஸிய ஓட விட்டேன், எண்ணெய் விட்டு விழுதாயிடுச்சு, அத்தன வெள்ளி, அதான் இந்த ஊர் காசு, குடுத்து வாங்கினது! அவனோ வாழைப்பழத்துல தடவி நக்கித் தின்னுட்டான். இப்பல்லாம் பிரிட்ஜ்ல வச்சு எடுத்து, விட்டு விட்டு ரெண்டு செகண்டு ரெண்டு செகண்டா சுத்துறேன், அரைச்சத பிரீசர்ல வைக்கிறேன்.

ரொட்டிதான் இழுபடவே மாட்டேங்குது, அந்த இழுவையே குளூட்டன்தானாம். கொதிக்கிற தண்ணி ஊத்திப் பிசைஞ்சு, கொஞ்சம் இசப்கோல், அதான் மலச்சிக்கலுக்குக் குடிக்கிற அந்த உமி, போட்டா உடையாம வருது. வட்டம்னு சொல்ல முடியாது.

மாமா அடுத்த தடவை வர்றப்ப மாவு எதுவும் வேணாம். ஒரு சன்ன சல்லடை மட்டும் குடுத்து விடு. புதுசா வாங்கு, பரண்ல இருக்கிற அந்தப் பழசு வேணாம்மா, அதுல நீ மைதா சலிச்சிருப்ப.

உன் செல்லம்