மடியில் உட்கார வைத்தால் பத்திரமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கத்தில் ஏற்காடு பற்றி எழுதியிருந்தீர்கள். ஏரி, படகு, பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் எல்லாம் சரி. கூடவே ஒரு படம் போட்டிருந்தீர்கள். ஏடிவி பைக்கில், அதாவது மேடு பள்ளத்தில் ஓட்டும் நாலு சக்கர வண்டியில், ஓர் அப்பா, அவருக்கு முன்னால் நாலைந்து வயதுக் குழந்தை, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. கீழே ‘குடும்பத்தோடு குதூகலம்’ என்று எழுதியிருந்தது. அந்தக் குதூகலம் பற்றி ஒரு மெக்கானிக்காக எனக்குச் சொல்ல இருக்கிறது.

அம்மாபேட்டையில் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். சீசன் வந்தால் மலை மேலே இருந்தும் கூப்பிடுவார்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப்போய் அந்த நாலு சக்கர வண்டிகளுக்குக் கார்புரேட்டர் கழுவி, செயின் இறுக்கி, பிரேக் சரிபார்த்துவிட்டு வருவேன். பெரியவர்கள் ஓட்டும் வண்டிகள் பலவற்றில் ஒரு எச்சரிக்கை ஸ்டிக்கர் இருக்கும். இன்னொருவரை ஏற்றாதே என்று இங்கிலீஷில் போட்டிருக்கும். அதன் மேலே சேறு அப்பியிருக்கும், யாரும் துடைத்துப் படிப்பதில்லை.

சீட் நீளமாக இருக்கிறதே, இரண்டு பேர் உட்காரலாமே என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அந்த நீளம் ஓட்டுகிறவர் முன்னே பின்னே நகர்வதற்காக விட்டது. காரில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் சுற்ற டிஃபரன்ஷியல் இருக்கிறது. இந்த மாதிரி விளையாட்டு ஏடிவிகளில் பெரும்பாலும் அது கிடையாது. பின் சக்கரம் இரண்டும் ஒரே தண்டில் பூட்டிய மாதிரி சேர்ந்தே சுற்றும். அதனால் ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகப் போகத்தான் பார்க்கும். ஓட்டுகிறவர் உடம்பை வளைவின் உள்பக்கம் சாய்த்தால்தான் ஒழுங்காகத் திரும்பும். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு எந்த அப்பாவால் சாய முடியும்?

இன்னொன்று ஆக்சிலேட்டர். பைக் மாதிரி முறுக்குவது இல்லை. வலது கைப்பிடிக்குக் கீழே கட்டைவிரலால் தள்ளும் சின்ன நெம்பு. பள்ளத்தில் இறங்கி வண்டி குலுங்கினால், முன்னால் இருக்கும் குழந்தை பயத்தில் கைக்கு அகப்பட்டதை இறுக்கிப் பிடிக்கும். அந்தப் பிஞ்சு விரல் நெம்பில் பட்டால் வேகம் கூடும், கூடினால் பயத்தில் இன்னும் இறுக்கும். வண்டி எங்காவது முட்டி நின்றால் ஹேண்டில்பாருக்கும் அப்பாவின் உடம்புக்கும் நடுவில் மாட்டுவது பிள்ளைதான். மடி பத்திரம் என்று நாம் நினைக்கிறோம், இந்த வண்டியில் அதைவிட மோசமான இடம் இல்லை.

சரி, அப்படியானால் பிள்ளையைத் தனியாக, சின்ன வண்டியில் விடலாமா? போன மே மாத லீவில் மகள் குடும்பம் பெங்களூரில் இருந்து வந்திருந்தபோது வீட்டிலேயே இந்தப் பேச்சு வந்தது. பேரனுக்கு ஏழு வயது. ஒரே அடம்.

“மாமா, அவன் சைக்கிள் சூப்பரா ஓட்டுவான், பயமே கிடையாது” என்றார் மாப்பிள்ளை.

“பயம் இல்லாததுதாங்க மாப்பிள்ளை எனக்குப் பயம்” என்றேன். அன்றைக்குப் பட்டறையில் ரிப்பேருக்கு வந்த குழந்தைகள் ஏடிவி ஒன்று நின்றிருந்தது. எஞ்சின் போடாமல் பேரனை அதில் ஏற்றி உட்கார வைத்தேன். ஹேண்டிலை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்தால் எதிர்ப்பக்கக் கை எட்டவில்லை, உடம்பே கூடப் போனது. பிரேக் நெம்பை விரல் நுனியால்தான் தொட முடிந்தது, அமுக்கவே வலு பத்தவில்லை. எழுந்து நில் என்றால் கால் மிதியில் நின்றும் சீட்டை விட்டு இடுப்பு எழவில்லை. மேடு பள்ளத்தில் முட்டி மடக்கி நிற்கத் தெரியாவிட்டால் அந்த அடியெல்லாம் முதுகெலும்புக்குத்தான் போகும்.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டேன். “கண்ணு, வண்டி ஒரு பக்கமா சாயுற மாதிரி இருந்தா என்ன பண்ணுவே?”

“கால ஊனிக்குவேன் தாத்தா.”

மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தேன், அவருக்கும் புரிந்துவிட்டது. சைக்கிளில் அது சரியான பதில். ஏடிவியில் காலைக் கீழே வைத்தால், பின்னால் வரும் அகலமான டயர் பாதத்தின் மேல் ஏறி காலை உள்ளே இழுத்துவிடும். என்ன ஆனாலும் கால் மிதியிலேயே இருக்க வேண்டும். சைக்கிள் வளைவில் தானாகச் சாயும், இது சாயாது, நாம்தான் சாய வேண்டும். அதாவது சைக்கிளில் நன்றாகப் பழகிய பிள்ளைக்கு இங்கே கையும் காலும் தப்பாகவே முந்தும். ‘சைக்கிள் ஓட்டுவான்’ என்பதைச் சான்றிதழாக வாங்கிக்கொண்டு ஏற்றிவிடுகிற அப்பாக்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பேரன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

வெளிநாட்டில் விற்கும் குழந்தைகள் ஏடிவிகளில் வயது ஒட்டியிருக்கும். 6, 10, 12, 14 என்று படிப்படியாக, பெரிய வண்டிக்கு 16. ஆறு வயது ஸ்டிக்கர் ஒட்டிய வண்டி என்றால் ஆறு வயதுப் பிள்ளை எல்லாம் தயார் என்று அர்த்தம் இல்லை, அதற்குக் கீழே தொடவே கூடாது என்று அர்த்தம். பெரியவர் ஒருவர் கண் எடுக்காமல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்ததுதான். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் அமைப்பு இன்னும் கறார், 16 வயது ஆகாதவர்கள் ஏடிவி ஓட்டவே வேண்டாம் என்கிறது. நூறு கிலோவுக்குப் பக்கமான இரும்பு, இருபத்திரண்டு கிலோப் பையன் மேலே கவிழ்ந்தால் அவனால் தள்ளிவிட்டு வெளியே வர முடியாது. பட்டறையில் அந்த வண்டியைத் தூக்கிப் பார்க்கிறவன் என்ற முறையில் நான் டாக்டர்கள் பக்கம்தான்.

இங்கே நடப்பது என்ன? டிக்கெட் கவுன்டரில் பிள்ளை எந்த உயரம், பிரேக் எட்டுகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பெரியவர் ஹெல்மெட்டையே மாட்டிவிடுகிறார்கள். வாரை இறுக்கிய பிறகு பின்னால் இருந்து தள்ளிப் பாருங்கள், கண்ணை மறைத்துக்கொண்டு முன்னே சரிந்தால் அது தலையில் இருந்தும் இல்லாத மாதிரிதான். காலில் ரப்பர் செருப்பு, பெண் பிள்ளைகளுக்குப் பறக்கும் துப்பட்டா. மழை பெய்து செம்மண் வழுக்கும்போதும் வண்டி நிற்பதில்லை.

இதை எல்லாம்விட என்னைக் கடுப்பேற்றுவது இரண்டு சின்னச் சாமான்கள். குழந்தை வண்டியின் ஆக்சிலேட்டர் பெட்டியில் ஒரு ஸ்க்ரூ, அதற்கு ஒரு லாக் நட் இருக்கும். ஸ்க்ரூவை உள்ளே திருகினால் நெம்பு பாதிக்கு மேல் போகாது, வேகம் அடங்கும். பின்பக்கம் ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். கூட வருகிறவர் இழுத்தால் எஞ்சின் அங்கேயே நின்றுவிடும். நான் போன ஓர் இடத்தில் ஸ்க்ரூவை முழுக்க வெளியே எடுத்திருந்தார்கள். கயிற்றைச் சுருட்டி இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தார்கள். கேட்டால், “மெதுவா போனா கஸ்டமர் சண்டைக்கு வர்றாங்கண்ணே, கயிறு அடிக்கடி கழண்டு வண்டி ஆஃப் ஆகுது” என்றான் அங்கே வேலை பார்க்கும் தம்பி. அவனைச் சொல்லி என்ன பயன், சண்டைக்கு வருவது நம்ம ஆட்கள்தானே.

பதினெட்டு வயது ஆகாதவர் ரோட்டில் வண்டி ஓட்டிச் சிக்கினால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் என்று 2019 திருத்தச் சட்டம் இருக்கிறது. வேலி போட்ட திடலுக்குள் போனதும் அந்த ஞாபகம் எல்லாருக்கும் போய்விடுகிறது. கோடை விழாக் கூட்டம் ஏறுவதற்கு முன்னால் மாவட்ட நிர்வாகம் ஒரு நாள் இந்த வண்டிகளை வரிசையாக நிறுத்திப் பார்க்கலாம். பிள்ளைகள் சைஸ் ஹெல்மெட் இல்லாத இடத்துக்குப் பிள்ளைகளுக்கு டிக்கெட் கொடுக்க அனுமதி வேண்டாம். ஒரு வண்டிக்கு ஒரு ஆள்தான் என்று தமிழில், பெரிய எழுத்தில் கவுன்டரில் எழுதி வைக்கச் சொல்ல வேண்டும்.

ஸ்க்ரூ வைக்க ஒரு ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் போதும், வண்டிக்குப் பத்து நிமிட வேலை. மலையில் திடல் நடத்துகிறவர்கள் யார் கூப்பிட்டாலும் சீசனுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வைத்துத் தருகிறேன். அதற்கு மட்டும் கூலி வேண்டாம், பெட்ரோல் காசு கொடுத்தால் சரி.

இப்படிக்கு,
டூவீலர் மெக்கானிக்,
அம்மாபேட்டை, சேலம்.